சென்னையில் மாற்றுத்திறனாளி அட்டை வாங்குவது எப்படி? ஆறு நடை நடந்து தெரிந்துகொண்டவை

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். கூடவே அறிவுசார் குறைபாடும் இருக்கிறது. அவனுக்கு அட்டை வாங்கி முடிக்க எனக்கு எட்டு மாதமும் ஆறு நடையும் ஆனது. ஒவ்வொரு நடைக்கும் பெரம்பூரில் இருந்து ஆட்டோ, எனக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு, எல்லாவற்றுக்கும் மேலே அவனுக்கு அந்த அலைச்சல். யோசித்துப் பார்த்தால் இரண்டு நடையில் முடியவேண்டிய வேலை. எந்தத் தாளை எடுத்துப்போக வேண்டும், டாக்டரிடம் என்ன சொல்லவேண்டும், எந்த இடத்தில் வாயைத் திறந்து கேட்கவேண்டும் என்று முன்னாலேயே சொல்ல ஆள் இல்லாததால்தான் மற்ற நாலு நடையும். உங்களுக்கு அந்த நாலு நடை வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் போனது குழந்தைக்காக, ஆனால் பெரியவர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

1. எதை வாங்கப் போகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, ஊனத்தின் வகையையும் சதவீதத்தையும் சொல்லி டாக்டர்கள் கொடுக்கும் சான்றிதழ். இன்னொன்று, அந்தச் சான்றிதழை வைத்து வரும் யு.டி.ஐ.டி. கார்டு, தமிழில் தனித்துவ அடையாள அட்டை. இப்போது இரண்டுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம்தான். சிலர் வீட்டில் பழைய புத்தகம் மாதிரி ஒரு அட்டை இருக்கும், புகைப்படம் ஒட்டி சீல் குத்தியது. அது இருந்தாலும் யு.டி.ஐ.டி.க்குப் பதிவு செய்துவிடுங்கள். புதிதாக எதற்குப் போய் நின்றாலும் அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசம், தசைச்சிதைவு, கற்றல் குறைபாடு, தலசீமியா, ஹீமோபிலியா, பார்க்கின்சன் எல்லாம் அதில் வரும். "கை கால் நல்லாத்தானே இருக்கு, இதுக்கெல்லாம் கொடுக்க மாட்டாங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

கார்டில் நிறக்கோடு இருக்கும். 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். வேலை இடஒதுக்கீடு, உதவித்தொகை என்று பெரும்பாலானவை 40ல்தான் தொடங்குகின்றன. அதனால் சான்றிதழில் எழுதப்படும் அந்த ஒரு எண் மிக முக்கியம். அதைப் பற்றி நாலாவது படியில் விரிவாகச் சொல்கிறேன், அதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

2. தாள்களைச் சரிசெய்யுங்கள், முக்கியமாகப் பெயரை

தேவையானவை அதிகமில்லை. ஆதார், ஆறு மாதத்துக்குள் எடுத்த பாஸ்போர்ட் அளவு போட்டோ, முகவரிக்கு ரேஷன் கார்டு, கையெழுத்து அல்லது கைநாட்டு, இதுவரை பார்த்த மருத்துவத்தின் தாள்கள். போட்டோவும் கையெழுத்தும் ஸ்கேன் செய்து செல்போனில் இருக்கட்டும்.

இதில் நம்ம ஊர்க்காரர்கள் எல்லாரும் மாட்டுவது இனிஷியலில். பிறப்புச் சான்றிதழில் "கவின் ர" என்று இருக்கும், ஆதாரில் "ர கவின்", ரேஷன் கார்டில் அப்பா பெயரை முழுசாகச் சேர்த்து "கவின் ரமேஷ்". நமக்கு மூன்றும் ஒரே பிள்ளைதான், கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். யு.டி.ஐ.டி.யில் ஆதாரில் உள்ளபடிதான் பெயர் போகும். ஆகவே விண்ணப்பம் போடும் முன்னால் ஆதாரைச் சரிசெய்யுங்கள். நான் கார்டு வந்த பிறகு சரிசெய்யப் போய், பேங்க் கணக்கில் ஒரு பெயரும் கார்டில் ஒரு பெயருமாக இரண்டு மாதம் போனது.

ஐந்து வயதுக்கு முன்னால் எடுத்த ஆதார் என்றால், ஐந்து முடிந்ததும் கைரேகையும் கண்ணும் பதியவேண்டும். என் மகனுக்கு வலது கை எப்போதும் இறுக்கி மூடியே இருக்கும். ஆதார் மையத்தில் இருந்தவர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கண்ணாடியில் அழுத்தப் பார்த்தார். ஒரு விரலைப் பிரித்தால் மற்ற நாலும் இன்னும் இறுகும், பயந்தால் கை இன்னும் மூடிக்கொள்ளும், அதுதான் அந்த உடம்பின் இயல்பு. அவன் அழுது, கட்டை விரல் ஓரம் சிவந்து, "பதிவாகல, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பினார்கள். விரல் விரியாதவர்கள், விரல் இல்லாதவர்கள், கண் பதிவாகாதவர்கள் ஆகியோருக்கு விதிவிலக்காகப் பதியும் வசதி ஆதார் பதிவிலேயே இருக்கிறது. அது தெரியாமல்தான் நான் திரும்பி வந்தேன். "பயோமெட்ரிக் எக்ஸெப்ஷன்ல போடுங்க" என்று இதே வார்த்தையைச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் வேறு மையம் பாருங்கள். பிள்ளையின் கையை யாரும் பலவந்தமாகப் பிரிக்க விடாதீர்கள்.

3. இணையத்தில் பதிவு: செலவு இல்லை

ஸ்வாவ்லம்பன் கார்டு என்ற மத்திய அரசின் தளத்தில் பதிவு செய்யவேண்டும். கட்டணம் கிடையாது. செல்போனிலேயே போடலாம், ஆனால் தாள்களை ஏற்றுவதற்கு கம்ப்யூட்டர் இருந்தால் வசதி. பழக்கமில்லை என்றால் இ-சேவை மையத்தில் அவர்களுடைய சேவைக் கட்டணத்தைக் கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், ரசீது வாங்குங்கள். ஓ.டி.பி. உங்கள் எண்ணுக்கு வரவேண்டும். மையத்துக்காரர் தன்னுடைய எண்ணைப் போட்டுவிட்டால் அப்புறம் நீங்கள் எதையும் பார்க்க முடியாது.

மாவட்டத்தைக் கவனமாகப் போடுங்கள். வாயில் எல்லாமே சென்னைதான், ஆனால் தாம்பரமும் பல்லாவரமும் செங்கல்பட்டு மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். 2018ல் சென்னை மாவட்டத்தை விரிவாக்கியபோது அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர், மதுரவாயல், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. ஆதாரில் எந்த முகவரியோ அந்த மாவட்டம். சொந்த ஊர் முகவரியை மாற்றாமல் சென்னையில் வாடகைக்கு இருப்பவர்கள் இங்கேதான் அதிகம் சிக்குகிறார்கள். அவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இந்தக் குறைபாட்டுக்காக எந்த அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுக்கிறீர்களோ, அங்கேயும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. அங்கே பார்த்த ஓ.பி. சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

எந்த வகைக் குறைபாடு என்று கேட்கும் இடத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் குறியுங்கள். நான் ஒன்றை மட்டும் குறித்தேன். முடித்ததும் வரும் பதிவு எண்ணைத் தாளில் எழுதி, ஒப்புகைச் சீட்டை இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. மருத்துவமனை நாள்

எங்கே போவது என்பது குறைபாட்டைப் பொறுத்தது. கண்ணுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், கை கால் அசைவுக்கு ராஜீவ் காந்தி, ஸ்டான்லி மாதிரி பெரிய மருத்துவமனைகள் அல்லது கே.கே.நகர் புனர்வாழ்வு மருத்துவமனை, குழந்தைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை என்று மக்கள் போகிறார்கள். விண்ணப்பத்தில் எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அங்கே முதலில் பெரியவர்கள் யாராவது தனியாகப் போய், எந்தக் கிழமை சான்றிதழுக்குப் பார்க்கிறார்கள், எத்தனை மணிக்கு ஓ.பி. சீட்டு, எந்த அறை என்று மூன்றையும் கேட்டு எழுதி வந்துவிடுங்கள். எல்லா நாளும் பார்க்கமாட்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் "இன்னிக்கு போர்டு இல்லைம்மா" என்று கேட்பது மாதிரி வெறுப்பு வேறு கிடையாது.

அசல் ஒரு கவரில், ஜெராக்ஸ் ஒரு கவரில். தண்ணீர், சாப்பாடு, மாற்றுத்துணி, டயப்பர். காது என்றால் ஆடியோகிராம், சின்னக் குழந்தை என்றால் பேரா (BERA) என்ற கேட்கும் திறன் சோதனை. அறிவுசார் குறைபாடு என்றால் ஐ.க்யூ. சோதனை செய்வார்கள், அதற்குத் தனியாக இன்னொரு தேதி கொடுப்பதும் உண்டு. அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் பணம் கிடையாது. வாசலில் "ரெண்டாயிரம் குடுங்க, இன்னிக்கே முடிச்சுத் தரேன்" என்று ஒருவர் வருவார். எனக்கும் வந்தார். அவர் கையில் ஒன்றும் இல்லை, உங்கள் தாள் மட்டும் அவர் கைக்குப் போகும்.

இப்போது முக்கியமான விஷயம். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நமக்கு வாயில் வருவது பிள்ளையின் நல்லது மட்டும்தான். "இப்ப நல்லா நடக்கிறான் டாக்டர், பேர் சொன்னா திரும்பிப் பாக்கிறான், பாட்டு போட்டா சிரிப்பான்." நானும் அப்படித்தான் சொன்னேன். ஏழு வருஷம் பாடுபட்டு அவன் எட்டிய நாலு அடி அது, அதைச் சொல்லாமல் எப்படி இருப்பது? ஆனால் அங்கே அளப்பது அவனுக்கு எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதை. நான் பெருமையாகச் சொன்னது எல்லாம், அவனுக்கு உதவி வேண்டாம் என்று கணக்கானது. கை கால் அசைவுக்கு மட்டும் 45 சதவீதம் போட்டுச் சான்றிதழ் வந்தது. அறிவுசார் குறைபாட்டை யாரும் பார்க்கவே இல்லை, நான் விண்ணப்பத்தில் குறிக்காததால் கேட்கவும் இல்லை.

அதனால் முந்தின நாள் ராத்திரி ஒரு தாளில் எழுதுங்கள். தானாகச் சாப்பிடுவானா, பிசைந்து ஊட்டவேண்டுமா. கழிவறைக்குச் சொல்வானா. சட்டைப் பொத்தான் போடுவானா. எத்தனை அடி நடந்து விழுவான். ராத்திரி எத்தனை தடவை எழுந்து திருப்பிப் படுக்கவைக்கிறீர்கள். வலிப்பு வருமா, கடைசியாக எப்போது. இரண்டாம் முறை போனபோது நான் எழுதிய தாள் ஒன்றரைப் பக்கம். எழுதும்போது அழுகை வந்தது. டாக்டர் அதை முழுசாகப் படித்தார், பிறகு நேராக அவனைப் பார்த்து "தம்பி, உன் பேர் என்ன?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்தும் இருந்தார். அவன் பெயரைச் சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆகும், அதுவரை நான் குறுக்கே பேசவில்லை. நீங்களும் பேசாதீர்கள். பிள்ளையோ, அண்ணனோ, அப்பாவோ, யாருக்காகப் போனாலும் அவரிடமே கேட்கச் சொல்லுங்கள், அவர் வேகத்தில் சொல்லட்டும்.

ஒன்றுக்கு மேல் குறைபாடு இருந்தால் ஒவ்வொன்றையும் அதற்குரிய டாக்டர் பார்க்கவேண்டும், அதற்கு அப்புறம்தான் மொத்த சதவீதம். சும்மா கூட்டிப் போடமாட்டார்கள், அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு 50, அசைவு 45. கூட்டினால் 95, ஆனால் கணக்கில் வந்தது 70. 45லும் 70லும் என்ன வித்தியாசம் என்று ஆறாவது படியில் தெரியும்.

5. கார்டு வரும் வரை

விதிப்படி விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் சான்றிதழ் கொடுக்கவேண்டும். பதிவு எண்ணைப் போட்டால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தளத்திலேயே தெரியும். கார்டு தபாலில் வரும், ஆனால் அதற்குக் காத்திருக்க வேண்டாம், தளத்தில் இருந்தே மின்னட்டையும் சான்றிதழும் இறக்கிக்கொள்ளலாம். வாடகை வீடு மாற்றுவதாக இருந்தால் தபால்காரரிடம் சொல்லிவையுங்கள்.

வந்ததும் நாலு விஷயம் பாருங்கள்: பெயர், பிறந்த தேதி, குறைபாட்டின் வகை, எதுவரை செல்லும் என்ற தேதி. குழந்தைகளுக்குப் பல சமயம் தற்காலிகமாகத்தான் கொடுப்பார்கள். அறிவுசார் குறைபாட்டுக்கு 5, 10, 18 வயதில் மறுபடி பார்ப்பார்கள், 18ல் கொடுப்பதுதான் ஆயுள் முழுக்க.

சதவீதம் சரியில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் 90 நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம். மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கலெக்டர் ஆபீஸில், ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் மனு எண் தருவார்கள். மூன்று மாதம் தாண்டியும் அசையவில்லை என்றால் அங்கே போங்கள். என் இரண்டாவது விண்ணப்பம் அதற்கு அப்புறம்தான் நகர்ந்தது.

6. கார்டு கையில் வந்ததும், இந்த வரிசையில்

முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் அங்கேதான். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு போன்றவற்றுக்கு 40 சதவீதம் போதும், கை கால் பாதிப்பு மட்டும் என்றால் 75 வேண்டும். என் முதல் சான்றிதழில் அசைவுக்கு 45 மட்டும் இருந்ததால் கிடைக்கவில்லை, அறிவுசார் குறைபாடு சேர்ந்த பிறகு கிடைத்தது. பிள்ளை பெயரில் அம்மாவோ அப்பாவோ சேர்ந்த பேங்க் கணக்கு, ஆதார் இணைத்தது, முன்னாலேயே தொடங்கிவிடுங்கள். மனு கொடுத்ததில் இருந்து முதல் பணம் வர எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. வருவாய்த்துறையில், அதாவது தாசில்தார் வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் தனி, அது 1,500. இரண்டும் சேர்த்து வாங்க முடியாது, எது உங்களுக்குப் பொருந்தும் என்று கேட்டுவிட்டு ஒன்றுக்கு மட்டும் போடுங்கள்.

பஸ்: சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் அவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. வெளியூர் அரசுப் பேருந்தில் கால் கட்டணம். 2024 ஆகஸ்டில் இருந்து தாழ்தளப் பேருந்துகளும் ஓடுகின்றன, நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும், நடுக்கதவில் சாய்தளப் பலகையை எடுத்துப் போட்டால் சக்கர நாற்காலியோடு ஏறலாம். கையை நன்றாகக் காட்டுங்கள், கண்டக்டரிடம் பலகை போடச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். நாங்கள் முதல் தடவை ஏறியபோது முழுசாக இரண்டு நிமிஷம் ஆனது, அவன் ஜன்னல் பக்கம் வந்து நின்றதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கும் வரை விடவில்லை. அதுவரை பஸ்ஸில் அவன் என் மடியில் இருந்துதான் வெளியே பார்த்திருக்கிறான்.

ரயில்: அதற்கு ரயில்வேயின் சலுகைப் படிவம் தனி, அரசு டாக்டர் கையெழுத்து வேண்டும். நாலாவது படியில் போகும்போதே அந்தப் படிவத்தையும் கையில் கொண்டுபோய்விடுங்கள், ஒரு நடை மிச்சம். துணையில்லாமல் போக முடியாதவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதம் குறையும், கூட வருபவருக்கும் அதே.

நிராமயா மருத்துவக் காப்பீடு: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நாலுக்கும் மட்டும். ஒரு லட்சம் வரை, தெரபி செலவுக்கும் உண்டு. சேருவதற்கு வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. பில்லை மாதாமாதம் சேர்த்து வையுங்கள். பழைய முறையில் வருமான வரி கட்டும் பெற்றோர் வருமானத்தில் இருந்து 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம், 80 சதவீதமும் மேலும் என்றால் 1,25,000.

7. பள்ளிக்கூடம்

இதற்கு ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம், இப்போதைக்கு அவசியமானதை மட்டும் சொல்கிறேன். 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ நாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை இருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்குச் சட்டம் 14 வயதோடு நிற்கிறது, இவர்களுக்கு 18. "இங்க பாத்துக்க ஆள் இல்லைம்மா, வேற ஸ்கூல் பாருங்க" என்று ஒரு பள்ளியில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த நாள் கார்டு நகலோடு சேர்க்கை கேட்டு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, "பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து போடுங்க, இல்லைன்னா முடியாதுன்னு எழுதிக் கொடுங்க" என்றேன். எழுதிக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. உட்காரச் சொன்னார்கள், தலைமை ஆசிரியர் வந்தார், சேர்க்கை நடந்தது.

சேர்த்ததும் வட்டார வள மையத்தில் இருந்து சிறப்பாசிரியர் எந்த நாளில் வருவார் என்று கேளுங்கள். கழிவறை தரைத்தளத்தில் இருக்கிறதா, வகுப்பும் தரைத்தளத்தில் வைக்க முடியுமா என்று முதல் வாரமே கேட்டு முடியுங்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு, ஆனால் அதற்கு மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின மாதம் போய் நின்றால் நடக்காது. அரையாண்டுக்கு முன்னாலேயே தலைமை ஆசிரியரிடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

8. ஃபைலை மூடாதீர்கள்

18 முடிந்ததும், நிராமயாவில் சொன்ன அந்த நாலு வகையில் இருப்பவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலர் சான்று தேவைப்படலாம். கலெக்டர் தலைமையில் உள்ள குழு அதைக் கொடுக்கிறது. பெற்றோராகவே இருந்தாலும் 18க்கு அப்புறம் அவருக்காகக் கையெழுத்துப் போட அது இல்லாமல் பேங்கில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எதற்கு அவர் தானே முடிவெடுக்க முடியும், எதற்குத் துணை வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு, அதற்கு அப்புறம் விண்ணப்பியுங்கள்.

சான்றிதழில் இருக்கும் முடிவு தேதிக்கு நாலு மாதம் முன்னால் புதுப்பிக்கப் போங்கள், அது முடிந்துவிட்டால் உதவித்தொகை நிற்கும். என் மகனுக்கு வரும் கார்த்திகையில் பத்து முடிகிறது. அந்த ஒன்றரைப் பக்கத் தாளைப் போன வாரம் எடுத்துத் திருத்த ஆரம்பித்திருக்கிறேன். பொத்தான் போடுவான் என்ற வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது, இடது கையால், மேல் இரண்டு மட்டும்.